கறளும் மண்ணெண்ணெயும்: யாழ்ப்பாணத்தில் பாவித்த கார்களின் வரலாறு

இலங்கைத் தமிழில் ‘பாவித்தல்’ என்னும் சொல் பயன்படுத்துதல் என்ற பொருளில் வழங்குகிறது. ஒருவர் ஓட்டிப் பின்னர் இன்னொருவர் கைக்கு மாறும் வண்டியை அங்குள்ளோர் ‘பாவித்த கார்’ என்றே சொல்வர். வண்டி பழையதாகும்தோறும் அதன் விலை இறங்கும் என்பது உலகெங்கும் வாகன வணிகத்தின் முதற்பாடமாகக் கருதப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவமோ அந்தப் பாடத்துக்குப் பெரும்பாலும் அடங்கியதில்லை. அங்கு ஒரு காரின் பெறுமதியை அதன் வயதைக் காட்டிலும், கொழும்புத் துறைமுகத்தில் எதை இறக்கலாம் என்ற சட்டமும், குடாநாட்டின் தரைவாயிலான ஆனையிறவுக்கு அப்பால் பாதை திறந்திருக்கிறதா என்ற கேள்வியும், உள்ளூர்க் கராச்சில் (வாகனத் திருத்தகத்தில்) அதைப் பிரித்துப் பூட்டக்கூடிய கை இருக்கிறதா என்ற நிலைமையுமே தீர்மானித்து வந்தன. இருபது ஆண்டு பழைய வண்டி மதிப்புமிக்க சொத்தாகவும், அதைவிடப் புதிய வண்டி ஓடாத இரும்பாகவும் நின்ற காலங்கள் அவ்வரலாற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை.

இக்கதைக்கு உரிய வண்டிகள் 1950களில் வந்து இறங்கியவை. கொரியப் போர் 1950இல் தொடங்கியபோது உலகச் சந்தையில் இறப்பரின் விலை திடீரென உயர்ந்தது. அதனால் இலங்கையின் கையிருப்பில் சேர்ந்த ஸ்ரேலிங் நாணயம் பிரித்தானியப் பொருள்களாகத் திரும்பி வந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ30, ஒஸ்ரின் ஏ40 சோமசெற், மொறிஸ் ஒக்ஸ்போட், ஹில்மன் மின்க்ஸ், சற்றுப் பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஆகியன வைத்தியர், வழக்கறிஞர், கல்லூரி அதிபர், கொழும்பில் கடை நடத்திய வணிகர் ஆகியோரின் வீட்டு முற்றங்களை அடைந்தன. சீதனப் பேச்சில் வீடு, வளவு, நகை என்ற வரிசையில் காரும் ஓர் உருப்படியாக இடம்பெறத் தொடங்கியது. இவற்றுள் ஏ40 என்பதை யாழ்ப்பாணத்தார் எண்ணை மொழிபெயர்க்காமல் ‘ஏ போட்டி’ என்றே அழைத்தனர். அப்பெயர் பிற்காலத்தில் ஒரு மாதிரியைக் குறிப்பதைக் கடந்து, வாடகைக்கு ஓடும் பழைய கார் எதற்கும் பொதுப்பெயர்போலவும் வழங்கியது.

இந்த வண்டிகளின் அமைப்பில் இரு செய்திகள் பின்வரும் கதைக்கு இன்றியமையாதவை. முதலாவது, அவற்றின் எளிமை. ஏ30 வண்டிக்கென 1951இல் உருவாக்கப்பட்ட நான்கு உருளை இயந்திரத்தையே, ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒரே நிறுவனமாக இணைந்த பிறகு, மொறிஸ் மைனரும் பெற்றுக்கொண்டது. ஆகவே ஒரு வண்டியின் உதிரிப்பாகம் மற்றொன்றுக்கும் பொருந்தும் வாய்ப்பு மிகுந்தது. ஓர் இயந்திரத்தைப் பழகிய தொழிலாளி பல வண்டிகளைத் திருத்த வல்லவரானார். இரண்டாவது, அவற்றின் அமுக்க விகிதம் குறைவானது. உருளைக்குள் இழுக்கப்படும் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை, தீப்பொறி விழுவதற்கு முன் எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதே அமுக்க விகிதம். 1950களின் தொடக்கத்து மைனரிலும் ஏ40இலும் அது ஏறத்தாழ ஏழு மடங்கே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலைக் கருதி அவ்வாறு அமைக்கப்பட்ட இயந்திரம், நாற்பது ஆண்டுகளின் பின் வேறொரு நாட்டில் வேறொரு போருக்குள் உதவப்போவதை அதை வரைந்தவர்கள் எண்ணியிருக்க நியாயமில்லை.

காரின் வயதை அறிய அக்காலத்து வாங்குநர் முதலில் நோக்கியது இலக்கத்தகட்டையே. தொடக்க காலப் பதிவுகள் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளைக் கோத்து அமைந்த சி.எல்., இ.எல்., இ.என்., இ.வை. போன்ற தொடர்களைக் கொண்டிருந்தன. ஒரு தொடர் முடிய அடுத்தது தொடங்கியதால், எழுத்தைக் கண்டதும் வண்டி இறங்கிய காலத்தை ஏறக்குறைய மட்டிட முடிந்தது. 1957 முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டபோது தகடு அரசியல் பொருளாகிவிட்டது. சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியாகவே தமிழர் இதனைக் கண்டனர். தேசியமயமாக்கப்பட்ட பேருந்துகள் 1958 மார்ச்சில் அவ்வெழுத்துடன் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது தமிழரசுக் கட்சி தார் பூசும் போராட்டத்தை நடத்தியது. அதற்கு எதிர்வினையாகத் தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகள் தார் பூசி அழிக்கப்பட்டன. பிரதமரும் தமிழரசுக் கட்சித் தலைவரும் செய்திருந்த பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் அவ்வாண்டு ஏப்ரலில் கைவிடப்பட்டதும், மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டதும் வரலாற்று நூல்களில் விரிவாகக் காணப்படுபவை. கார் வணிகத்தைப் பொறுத்தவரை எஞ்சியது ஒரு சிறு விந்தை: வண்டி கைமாறினாலும் இலக்கம் மாறுவதில்லை ஆதலால், 1957க்கு முந்திய காரை வாங்கியவர் ஆங்கில எழுத்துத் தகட்டோடும், பிந்தியதை வாங்கியவர் தாம் எதிர்த்துக் கூக்குரலிட்ட எழுத்தோடும் ஒரே வீதியில் ஓடினர்.

1960களின் தொடக்கத்தில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் வருவாய் தளர்ந்து அந்நியச் செலாவணி கரைந்தபோது, அரசு கார் இறக்குமதியைக் கடுமையாக மட்டுப்படுத்தியது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் அந்த இறுக்கம் உச்சத்தை அடைந்தது. இக்கட்டுப்பாட்டின் விளைவு யாழ்ப்பாணத்தில் இரட்டை முகம் கொண்டதாக அமைந்ததை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் தடைப்பட்டதால், செம்மண் தோட்டங்களில் அவற்றைப் பயிரிட்ட உரும்பிராய், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன் பகுதி விவசாயிகளின் கையில் முன்னெப்போதும் இல்லாத பணம் புரண்டது. ஆனால் அந்தப் பணத்துக்குப் புதிய கார் வாங்கும் வழியை அதே சட்டம் அடைத்திருந்தது. மிஞ்சியவை ஏற்கெனவே தீவில் இருந்த வண்டிகள் மட்டுமே. கேட்போர் தொகை பெருக, கிடைக்கும் தொகை பெருகாதிருக்க, இருபது வயதான மைனர் தனது முதல் விலையை மறந்து மேலேறியது. வைத்தியரின் முற்றத்தில் நின்ற கார் தோட்டக்காரரின் கொட்டிலுக்கு மாறியதை ஒரு சமூக மாற்றத்தின் அடையாளமாகவே கொள்ளலாம்.

புதியது வராத நாட்டில் பராமரிப்பு என்பது பழையதைச் சாகவிடாமல் காக்கும் கலையாகிறது. கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, பிரித்தெடுத்த வண்டிகளின் பாகங்களுக்கான சந்தையாக நாடெங்கும் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்துக் கராச்சுக்காரர் தேவையான பாகத்தைப் பெற இரவுத் தபால் புகையிரதத்தில் போய் வருவது வழக்கமாயிற்று. ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்து தலைமைத் தொழிலாளியைக் குறிக்கும் ‘பாஸ்’ என்ற சொல், தெற்கில் இயந்திரம் திருத்துவோருக்கும் உரியதாகி மரியாதைப் பெயராக நின்றது. கடையில் கிடைக்காத பாகத்தைக் கடைசற்பொறியில் கடைந்தெடுத்தனர். தேய்ந்த உருளைகளைக் குடைந்து பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரன் இட்டனர். நைந்த இருக்கைகளுக்குத் தும்பு அடைத்தனர். நசுங்கிய தகட்டைத் தட்டி நேராக்கும் வேலை ‘ரிங்கரிங்’ எனப்பட்டது. ஆங்கிலத்தில் ஓட்டுப்பாத்திரம் திருத்துவோரின் தொழிலைச் சுட்டும் சொல், இலங்கையில் கார் உடல் திருத்தும் தொழிலுக்கு உரியதாகிவிட்டது.

ஆயினும் யாழ்ப்பாணத்தில் காரின் முதற்பகை தேய்மானமன்று, கறள். துரு என்று பிறர் சொல்வதை ஈழத்தார் கறள் என்பர். எந்த ஊரும் கடலுக்கு வெகுதொலைவில் இல்லாத குடாநாட்டில், உப்புக்காற்று தகட்டின் மடிப்புகளுக்குள் புகுந்து மௌனமாக வேலை செய்தது. மொறிஸ் மைனரில் தனிச்சட்டம் என்று ஒன்று இல்லை, உடலே சட்டமுமாகும். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி கறள் பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே தளர்ந்ததாகக் கொள்ள வேண்டும். சோமசெற்றிலோ உடலுக்குக் கீழே தனியான இரும்புச்சட்டம் இருந்தது. உடல் பொத்தலாகிப் போனாலும் சட்டம் நிற்கும் வரை வண்டி ஓடும். வாடகைக் காராக அது நீடித்தமைக்கு இது ஒரு காரணமாகலாம். வாங்க வருபவர் விரல் முட்டியால் கதவையும் மட்காட்டையும் தட்டிப் பார்ப்பது சடங்கன்று. தகடு கணீரென்றும், பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். எண்ணெய்க்கோலை உருவிப் பார்த்து எண்ணெய் பால்நிறமாக இருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்றும், புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்றும் அறிந்தனர். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் மரையிட்ட மூட்டுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றாது விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து வண்டி தரையில் அமரும். இதனால் அனுபவசாலிகள் இயந்திரத்தைக் கேட்குமுன் கீழே குனிந்து அந்த மூட்டில் புதிய கிறீஸ் இருக்கிறதா என்றே பார்த்தனர். முன்னைய உரிமையாளரின் குணம் மைல்மானியில் தெரிவதைவிட அங்கேதான் நன்கு தெரிந்தது.

1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனவின் அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் யப்பானிய வண்டிகள் புகுந்தன. அவற்றுள் பெரும்பகுதி யப்பானில் பாவித்துக் கழிக்கப்பட்டவை. யப்பானில் ‘ஷாக்கென்’ எனப்படும் கட்டாயத் தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காலந்தோறும் உட்படுத்த வேண்டும்; அதற்கான செலவு மிகுதியாதலால், பலர் சில ஆண்டுகளிலேயே காரை ஏலச்சந்தைக்குத் தள்ளிவிடுகின்றனர். அந்நாட்டிலும் வீதியின் இடப்பக்கமே ஓட்டுவர் என்பதால், அவ்வாறு தள்ளப்பட்ட கார்கள் மாற்றமின்றி இலங்கைக்குப் பொருந்தின. இவை ‘ரீகண்டிஷன்’ கார்கள் எனப்பட்டன. புதுப்பிக்கப்பட்டவை என்று பொருள் தரும் இச்சொல்லில் விற்பவரின் நயமும் கலந்திருந்தது: பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டது வண்டியின் மினுக்கே. ஒரே இரவில் பிரித்தானிய வண்டிகள் பழையனவாயின. செல்வர் யப்பானியக் காருக்கு மாற, ஏ போட்டிகள் வாடகைத் தரிப்பிடங்களுக்கும், கலியாண வீட்டு ஊர்வலங்களுக்கும், நல்லூர்த் திருவிழாக் காலத்து ஓட்டங்களுக்கும் இறங்கின. இந்த ஒழுங்கு நிலைத்திருந்தால் இவ்வரலாறு இங்கேயே முடிந்திருக்கும்.

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் வெடித்த பிறகு, குடாநாட்டுக்குள் செல்லும் பொருள்கள் மீது அரசு தடை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து என நீண்ட அப்பட்டியல் கார் என்னும் பொருளையே பயனற்றதாக்கத் தக்கது. தேசிய மின்விநியோகமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் வரையறுத்த அளவில் அனுமதிக்கப்பட்டது. அது விளக்குக்கும் அடுப்புக்கும் உரியதாகக் கருதப்பட்டமையே காரணம். போத்தலுக்குள் சிறிது பஞ்சும் திரியும் இட்டு, சில துளி எண்ணெயில் இரவு முழுதும் எரியச் செய்த ஜாம் போத்தல் விளக்கு அக்காலத்தின் சின்னமாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த விளக்கின் எண்ணெயைத்தான் கராச்சுக்காரர்கள் காருக்கும் ஊற்றினர்.

மண்ணெண்ணெயில் பெற்றோல் இயந்திரத்தை ஓட்டுதல் யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த வித்தையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பேர்கசன் உழவு இயந்திரங்கள் சில, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடும்படி அமைக்கப்பட்டிருந்தன. அதைக் காட்டிலும் நெருங்கிய முன்மாதிரி தோட்டத்துக் கிணற்றடியிலேயே இருந்தது. துலா மிதித்து நீர் இறைத்த முறை மறைந்தபின் பரவிய சிறிய இறைப்பு இயந்திரங்கள், பெற்றோலில் தொடங்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. தமது வெங்காயப் பாத்திக்கு நாள்தோறும் இதைச் செய்து பழகிய சமூகத்துக்குக் காரில் அதைச் செய்வது பெருந்தாவல் அன்று. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிடைத்த பழைய காலத்து நல்விலை, கிணற்றடிக்கு இயந்திரத்தையும் கொட்டிலுக்குக் காரையும் ஒருங்கே கொண்டுவந்திருந்ததை இங்கு நினைத்தல் தகும்.

செய்முறையின் அடிப்படை வெப்பமே. பெற்றோல் சாதாரண வெப்பநிலையில் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. குளிர்ந்த இயந்திரத்துக்குள் அது துளியாகவே போய்த் தீப்பொறிக்கு இணங்காமல் நிற்கும். எனவே அரிதாய்க் கிடைத்த பெற்றோலைச் சிறு போத்தலில் சேமித்து, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் உறுப்பாகிய காபரேற்றருக்குள் சில துளி விட்டு இயந்திரத்தை எழுப்புவர். சில நிமிடம் ஓடிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்த் தாங்கியைத் திறப்பர். பற்றரி வலுவிழந்திருந்தால், முன்புறத் துளை வழியே இரும்புக் கைபிடியை நுழைத்துச் சுற்றி எழுப்ப அந்தப் பழைய வண்டிகளில் வசதி இருந்தது. புதிய யப்பானியக் கார்களில் இல்லை. குறைந்த அமுக்க விகிதத்தின் பயனும் இங்கே வெளிப்பட்டது. மண்ணெண்ணெய்க் கலவை அதிகம் அமுக்கப்பட்டால் சுடர் பரவுமுன் தானாகவே வெடித்து, பிஸ்ரனைச் சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓசையுடன் இயந்திரத்தைச் சிதைக்கும். மைனரும் ஏ40உம் அந்த அடியை ஒருவாறு தாங்கின. அவற்றைவிட முப்பது ஆண்டு இளைய கார்கள் கொட்டிலுக்குள் ஓலையால் மூடப்பட்டுக் கிடக்க, பாட்டன் வயதுக் கார்கள் வெண்புகையும் கண்ணெரிச்சல் தரும் வாடையும் கக்கியவாறு நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்களையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன. பாவித்த கார் விலையின் ஏணி தலைகீழாக நின்ற காலம் அது.

இதற்கு இயந்திரம் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச்சுவரின் எண்ணெய்ப்படலத்தைக் கழுவிக் கீழிறங்கி, இயந்திர எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். மசகு குறைந்து, தாங்கிகளும் வளையங்களும் விரைந்து தேயும். தீப்பொறிப் பிளக்குகளில் கரி படிவதால் அவற்றைக் கழற்றித் துடைப்பது ஓட்டுநரின் அன்றாடக் கடனாயிற்று. புதிய எண்ணெயும் அரிதாகையால் பழையதை வடித்துத் திரும்ப ஊற்றுவதும் நடந்தது. ஒரு வண்டியை ஓடவைக்க இன்னொரு வண்டி பாகம்பாகமாகக் கழன்றது. அவ்வகையில் இத்தனை கார்கள் பிழைத்தன என்று சொல்லும்போதே எத்தனை கார்கள் அவற்றுக்கு இரையாயின என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1995 அக்டோபர் 30ஆம் நாள் இராணுவம் முன்னேறியதால் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் பெருந்தொகையாகக் கிழக்கே தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, எரிபொருள் இல்லாத வண்டிகளை விட்டுச் செல்வதைத் தவிர வழியிருக்கவில்லை.

அவ்விடப்பெயர்வும் புலம்பெயர்வும் கார்களின் பத்திரங்களையும் சிதறடித்தன. இலங்கை வழமையில் விற்பவர் உரிமைமாற்றப் படிவங்களில் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கொடுப்பதுண்டு. ‘ஓப்பன் பேப்பர்’ எனப்படும் இம்முறையில் வண்டி பல கை மாறினாலும் பதிவேட்டில் பழைய பெயரே நிற்கும். இடைத்தரகர்க்கு இது வசதி. பின்னர் வந்தவர்க்கு இடர். பதிவிலுள்ளவர் கனடாவிலோ இலண்டனிலோ குடியேறியிருக்க, அல்லது இறந்திருக்க, படிவம் எரிந்தோ தொலைந்தோ போயிருக்க, சாவி கையிலிருந்தும் உரிமையை நிறுவ முடியாத கார்கள் குடாநாட்டில் எஞ்சின. பாவித்த காரை வாங்குவோர் இயந்திரத்தின் இலக்கத்தையும் சட்டத்தின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற அறிவுரை பிற இடங்களில் எச்சரிக்கை மட்டுமே. பத்து வண்டிகளின் பாகங்களால் ஒரு வண்டி ஓடிய ஊரில் அது விடையளிக்கக் கடினமான வினாவாயிற்று.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டு, ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் ஏணி மீண்டும் புரண்டது. யப்பானியக் கார்களும் வான்களும் வடக்கே வர, தெற்கிலிருந்து பழம்பொருள் பிரியர்கள் மைனரையும் கேம்பிறிஜையும் தேடி வந்தனர். அப்போது அவற்றின் மதிப்பு ஓட்டத்தில் அன்று, அரிதாயிருத்தலில் இருந்தது. தேவையால் காக்கப்பட்டவை அழகுக்காக விலைபோயின. பிரித்தானியாவின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து விற்ற நிலையத்துக்கு வேண்டிய உடற்தகடுகளை 1990களில் இலங்கையிலுள்ள பட்டறையொன்று செய்து அனுப்பியதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது: காரைப் பெற்ற நாடு அதன் பாகத்தை, காரைக் கைவிடாத நாட்டிலிருந்து வாங்கியது. வீதி 2006இல் மூடப்பட்டு, போர் முடிந்த 2009க்குப் பிறகு திரும்பத் திறக்க, குத்தகைக் கடன் தரும் நிறுவனங்களின் கிளைகள் யாழ்ப்பாண நகரில் நிரம்பின. பழைய மைனர்களுள் பலவும் நிசான் இயந்திரம் பொருத்தப்பெற்று, வெளியே மொறிசாகவும் உள்ளே யப்பானாகவும் ஓடின.

வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாடு மீண்டும் நெருக்க, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஐந்தாண்டுக்கு அண்மித்து நீடித்த அத்தடையில், பல ஆண்டுகள் ஓடிய வகன் ஆர் முதலிய சிறு கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்கப்பட்டன. தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் தொடங்கியபோதும் வரிச்சுமை காரணமாக அவ்விலைகள் எதிர்பார்த்தபடி சரியவில்லை. இடையில் 2022இல் எரிபொருளும் அற்றுப்போனபோது, மண்ணெண்ணெய் வித்தைக்கு இடமிருக்கவில்லை. மண்ணெண்ணெயே தட்டுப்பாடாயிருந்தது, இருந்திருப்பினும், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீச்சும் இக்கால இயந்திரங்கள் அதை ஏற்றுக்கொள்ளா. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். அனுமதி முறையில், இலக்கத்தகட்டின் இறுதி எண்ணுக்கு உரிய நாளில் வரிசையில் நின்றவர்க்கே எரிபொருள் கிடைத்தது. ‘ஸ்ரீ’ தகட்டு மொறிஸ் மைனருக்கும் நேற்றுப் பதிவான காருக்கும் வாரத்துக்கு ஒரே அளவாக 20 லீற்றர்.